புதுப்பித்த வால்வு காலத்துப் பவர் சப்ளையைச் சோதிப்பது: புதியவர்களுக்கான வழிகாட்டி

பழைய அமெச்சூர் வானொலிக் கருவி ஒன்றின் பவர் சப்ளையில் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளையும் டயோடுகளையும் மாற்றிக் கடைசி இணைப்பையும் சாலிடர் செய்து முடித்தவருக்கு, உடனே பிளக்கைச் செருகி டிரான்ஸீவரை (அனுப்பவும் பெறவும் வல்ல வானொலியை) ஒலிக்கச் செய்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலை ஒரு நாளாவது தள்ளிப்போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. புதுப்பித்த பவர் சப்ளை, முழுச் சுமையில் தனியாக ஒரு மணி நேரம் ஓடிக் காட்டும்வரை அதனோடு எந்த வானொலியையும் இணைக்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்து சேர்வதற்கான படிகளைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

எதைச் சோதிக்கிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் அளவுகள் புரியும். ஆகவே 1960களில் பரவலாகப் புழங்கிய ஹீத்கிட் எச்பி-23 போன்ற ஒரு பவர் சப்ளையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இவ்வகைப் பெட்டியிலிருந்து நான்கு விதமான மின்னழுத்தங்கள் வெளிவருகின்றன. வானொலியின் இறுதிநிலை வால்வுகளின் (வெற்றிடக் குழாய்களின்) பிளேட் எனும் மின்முனைக்குச் சுமையில்லா நிலையில் ஏறத்தாழ 800 வோல்ட், மற்ற வால்வுகளுக்கு 300 வோல்ட் அளவில் ஒன்று, கிரிட் பயாஸுக்கு, அதாவது வால்வின் மின்னோட்டத்தை அடக்கி வைப்பதற்கு, மைனஸ் 130 வோல்ட் அளவில் ஒன்று, வால்வுகளைச் சூடாக்கும் ஃபிலமெண்டுகளுக்கு 12.6 வோல்ட் ஏசி. உங்களிடம் இருப்பது வேறு மாதிரியாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள எண்களை இவற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். சோதிக்கும் வரிசை மாறாது.

ஆபத்து எங்கே இருக்கிறது

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள் இரண்டைத் தொடரில் இணைத்து 800 வோல்ட் ஏற்றினால், அவை சேர்ந்து 50 மைக்ரோ ஃபாரட் ஆகின்றன. அவற்றுள் தங்கும் ஆற்றல் 16 ஜூல். மார்பின் குறுக்கே, ஒரு கையிலிருந்து மறு கைக்கு, இந்த ஆற்றல் பாய்ந்தால் இதயத் துடிப்பைக் குலைத்துவிட முடியும். மின்தேக்கி மின் இணைப்பைக் கேட்பதில்லை. சார்ஜ் வடியும்வரை அது காத்திருக்கும்.

இந்தச் சார்ஜை வடிப்பதற்காகவே ஒவ்வொரு மின்தேக்கியின் குறுக்கேயும் பிளீடர் எனப்படும் மின்தடை ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோ ஓம் வைத்தால் கால மாறிலி 10 விநாடி ஆகும். ஐந்து மடங்கு நேரம், அதாவது 50 விநாடி கழிந்தபின், 800 வோல்ட் ஏறத்தாழ 5 வோல்ட்டாக இறங்கியிருக்கும். பிளீடர் முழுதாக இருக்கிறது என்று நம்பினால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். ஐம்பது ஆண்டு பழைய கார்பன் மின்தடை திறந்துபோயிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே பிளீடர்களையும் புதிதாக மாற்றுவதே நல்லது. 400 வோல்ட்டில் 100 கிலோ ஓம் மின்தடை 1.6 வாட் வெப்பத்தை வெளியிடும் என்பதால் 3 வாட்டுக்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் வாட் அளவோடு, அது தாங்கும் மின்னழுத்தத்தையும் பாருங்கள். சிறிய மின்தடைகள் பல 350 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

தொடலாமா வேண்டாமா என்பதைக் கடிகாரத்தை வைத்தோ பிளீடரை நம்பியோ தீர்மானிக்கக்கூடாது. மீட்டர் காட்டும் எண் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் கையில் வந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியவை

முதலில் ஒரு டிஸ்சார்ஜ் கோல் செய்துகொள்ளுங்கள். ஒரு முழ நீளமுள்ள, காய்ந்த பிளாஸ்டிக் குழாயின் நுனியில் தாமிரக் கொக்கி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து 2.2 கிலோ ஓம், 25 வாட் வயர்வவுண்டு மின்தடை வழியாக ஒரு தடித்த கம்பியை எடுத்து, அக்கம்பியின் முடிவில் முதலைக் கிளிப்பைப் போட்டால் கோல் தயார். கிளிப்பை முதலில் சேசிஸில் (பெட்டியின் உலோகச் சட்டத்தில்) கவ்வவிட்டு, அதன் பிறகே கொக்கியை மின்தேக்கியின் முனையில் வைக்க வேண்டும். இந்த வரிசை ஒருபோதும் மாறக்கூடாது. ஸ்குரூடிரைவரை வைத்து நேரடியாக ஷார்ட் செய்யும் வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அவ்வாறு செய்தால் பெரும் ஓசையோடு தீப்பொறி பறந்து, ஸ்குரூடிரைவரின் நுனி குழி விழுவதோடு மின்தேக்கியின் உள்ளிணைப்பும் பழுதாகலாம். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வேறு பயன் எதுவும் இல்லை.

பெரிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளை முழுதாக வடித்த பிறகும், சில நிமிடங்களில் அவற்றின் முனைகளில் மின்னழுத்தம் தானாகவே கொஞ்சம் திரும்ப எழும். மின்கடத்தாப் பொருளில் ஊறிக் கிடந்த சார்ஜ் மெல்ல வெளிவருவதே இதற்குக் காரணம். ஆகவே வடித்த பின், உள்ளே கை வைத்து வேலை செய்யும் நேரம் முழுவதும், மின்தேக்கியின் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கிளிப் கம்பியைப் போட்டே வைத்திருங்கள். அந்தக் கம்பி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருப்பது நல்லது. அதை எடுக்க மறந்து மின்சாரம் கொடுப்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்.

மல்டிமீட்டரைப் பொறுத்தவரை, 1000 வோல்ட் டிசி தாங்கும் என்று மீட்டரின் மேலும் அதன் புரோப் கம்பிகளின் மேலும் எழுதியிருக்க வேண்டும். மீட்டர் தரமானதாக இருந்தும், பின்னால் வாங்கிய மலிவான கம்பிகள் 300 வோல்ட்டுக்குக்கூடத் தகுதியற்றவையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உயர் மின்னழுத்தத்தை அளக்கும்போது புரோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். மின்சாரம் இல்லாத நிலையில் கிளிப் வைத்து இணைத்து, கையை எடுத்து, பிறகு சுவிட்சைப் போட்டு, எண்ணைப் படித்து, சுவிட்சை அணைத்து, எண் இறங்குவதைப் பார்த்த பின்பே கிளிப்பை எடுக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் அருகே செல்ல நேர்ந்தால் ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வைப்பதும், கண்ணாடி அணிவதும், வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்தில், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குவதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிடி வீட்டில் இருப்பதால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது மின்மாற்றியின் மெயின்ஸ் பக்கத்தை மட்டுமே காவல் காக்கும். மின்மாற்றிக்கு அப்பால் உள்ள 800 வோல்ட் உங்கள் உடல் வழியாகச் சேசிஸுக்குப் பாய்ந்தாலும் ஃபேஸிலும் நியூட்ரலிலும் மின்னோட்டம் சமமாகவே இருக்கும், ஆர்சிடி அசையாது.

மின்சாரம் கொடுக்கும் முன்

மீட்டரும் கண்ணும் மட்டும் வேலை செய்யும் இந்தப் பகுதிக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேயே அகப்பட்டுவிடும்.

பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு கம்பி மெயின்ஸ் கார்டுதான் இருக்கும். அதை மூன்று கம்பியாக மாற்றி, எர்த் கம்பியைத் தனித் திருகில், பெயிண்ட் சுரண்டிய உலோகத்தில், பல்வட்டு வைத்து இறுக்க வேண்டும். பிளக்கின் எர்த் ஊசிக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டர் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்டவேண்டும். ஃபியூஸும் சுவிட்சும் ஃபேஸ் கம்பியில் வருகின்றனவா என்று பாருங்கள். மெயின்ஸ் கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போடப்பட்டிருக்கும் பழைய காகித மின்தேக்கிகள் ஷார்ட் ஆனால் முழு மெயின்ஸும் சேசிஸில் ஏறிவிடும். அவற்றை அகற்றிவிட்டு, அந்த இடத்துக்கென்றே செய்யப்படும் ஒய் வகைப் பாதுகாப்பு மின்தேக்கிகளைப் போடவேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே போடுவதென்றால் எக்ஸ் வகை.

மெயின்ஸ் மின்னழுத்தமும் இப்போதே பார்க்க வேண்டிய ஒன்று. அக்காலத்து அமெரிக்கக் கருவிகள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பிரைமரிச் சுற்று இரண்டாகப் பிரிந்திருந்தால், 230 வோல்ட் மெயின்ஸுக்கு இரண்டையும் தொடரில் இணைக்க வேண்டும். அப்போதும் திசை மாறினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு, மின்மாற்றி ஏறத்தாழ ஷார்ட் போல நடந்துகொள்ளும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட மின்மாற்றியை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடுகிறது. அது கூடுதலாகச் சூடாவதும் முனகுவதும் அதனால்தான்.

அடுத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சேசிஸுக்கும் இடையிலான மின்தடையை அளந்து பாருங்கள். நல்ல சுற்றில் எண் தாழ்வாகத் தொடங்கி, மின்தேக்கி மீட்டரின் மின்கலத்தால் சார்ஜ் ஆக ஆக மெல்ல ஏறி, பிளீடரின் மதிப்புக்கு அருகே நிற்கும். நூறு ஓமிலேயே நின்றுவிட்டால் ஏதோ ஒன்று ஷார்ட். பிளீடரின் மதிப்பைத் தாண்டி மெகா ஓமில் ஏறிக்கொண்டே போனால் பிளீடர் இணைப்பில் இல்லை. காப்புத்தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகர் கையில் இருந்தால் பிரைமரிக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள காப்புத்தடையைப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள மின்மாற்றி பத்து மெகா ஓமுக்கு மேல் தாராளமாகக் காட்டும். இரண்டு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஈரம் ஏறியிருக்கலாம் என்று கருதி, மிதமான வெப்பத்தில் சில நாள் உலர்த்திவிட்டுத் திரும்பவும் பார்க்கலாம்.

டயோடுகளின் தாங்குதிறனைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா? மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் வோல்ட்டேஜ் டபுளர் சுற்றில் ஒவ்வொரு டயோடும் கிட்டத்தட்ட முழு வெளியீட்டு மின்னழுத்தத்தைத் தலைகீழாகத் தாங்க வேண்டியிருக்கிறது. 800 வோல்ட் வெளியீட்டுக்கு 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 ஒன்றை மட்டும் வைப்பது விளிம்பில் நடப்பதற்குச் சமம்; இரண்டைத் தொடரில் வைப்பதே வழக்கம்.

இனி மின்தேக்கிகளின் திசை. பிளஸ் முனை உயர் மின்னழுத்தத்துக்கும் மைனஸ் முனை சேசிஸுக்கும் போகும் என்று கை பழகிவிட்டிருக்கும். பயாஸ் சுற்றில் இது தலைகீழ். வெளியீடு சேசிஸைவிடத் தாழ்ந்த மின்னழுத்தம் என்பதால் மின்தேக்கியின் பிளஸ் முனைதான் சேசிஸில் அமர வேண்டும். நான் புதுப்பித்த இரண்டாவது பெட்டியில், இரவு பதினொரு மணிக்கு, மற்ற எல்லா மின்தேக்கிகளையும் சரியாகப் போட்ட அதே வேகத்தில் பயாஸ் மின்தேக்கியையும் அதே திசையில் போட்டுவிட்டேன். மின்சாரம் கொடுத்தபோது பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. எல்லாம் சரி என்று நம்பினேன். மூன்று நிமிடம் கழித்து, மீன் வாடைக்கும் எரிந்த காகிதத்துக்கும் நடுவிலான ஒரு நெடி வந்தது. மின்தேக்கியின் தலையிலுள்ள சிலுவைக் கோடு மெல்லப் புடைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். சுவிட்சை நோக்கிக் கை போவதற்குள் அது வெடித்து, வெள்ளைப் புகையும் நூல் நூலான ஈரக் காகிதமும் மேசை முழுவதும் சிதறின. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மின்தேக்கியின் அருகேயும் சுற்றுப்படத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு, அந்தக் குறியை மறுநாள் காலை வெளிச்சத்தில் இரண்டாம் முறை சரிபார்க்காமல் பிளக்கைத் தொடுவதில்லை.

டபுளர் சுற்றில் இன்னொரு வலையும் உண்டு. மேலே அமரும் மின்தேக்கியின் மைனஸ் முனை சேசிஸிலிருந்து 400 வோல்ட் உயரத்தில் இருக்கும். அலுமினிய உறையோடு கூடிய மின்தேக்கியாக இருந்தால் அந்த உறையும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். காப்பு உறை கிழிந்திருந்தாலோ, உலோகக் கிளாம்பு நேரடியாகச் சேசிஸில் திருகப்பட்டிருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

பல்பும் வேரியாக்கும்

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது ஃபேஸ் கம்பியில் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடரில் வைப்பது, மலிவும் நம்பகமும் சேர்ந்த காவல். 230 வோல்ட், 60 வாட் பல்பின் இழை சூடானபோது ஏறத்தாழ 880 ஓம் காட்டும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுற்று சரியாக இருந்தால், மின்தேக்கிகள் சார்ஜ் ஆகும் கணத்தில் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கிவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் முழு மெயின்ஸும் பல்பின் மேலேயே விழுந்து அது பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் மின்னோட்டம் ஏறத்தாழக் கால் ஆம்பியரைத் தாண்டாது, மின்மாற்றி பிழைத்துக்கொள்ளும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. அதற்கு இழையும் இல்லை, இந்தக் குணமும் இல்லை. பல்பு மங்கியது என்பது பெரிய ஷார்ட் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. என் பயாஸ் மின்தேக்கியின் கதையை நினைவில் வையுங்கள்.

மெயின்ஸ் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்க உதவும் வேரியாக்கும் இருந்தால் வேலை இன்னும் நேர்த்தியாகும். மெயின்ஸ், வேரியாக், பல்பு, பவர் சப்ளை என்ற வரிசையில் இணைக்கலாம். வேரியாக் என்பது ஒற்றைச் சுற்று மின்மாற்றி. அது மெயின்ஸிலிருந்து உங்களைப் பிரித்து வைப்பதில்லை. பிரிப்பதற்குத் தனி ஐசொலேஷன் மின்மாற்றி வேண்டும் என்றாலும், தன்னுள்ளேயே மின்மாற்றி உள்ள இவ்வகைப் பவர் சப்ளைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் சேசிஸை எர்த்தோடு இணைத்தே வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: அக்காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் மெயின்ஸ் சுவிட்ச் டிரான்ஸீவரின் முகப்பில் இருக்கும்; மெயின்ஸ் கம்பி பல ஊசி பிளக்கின் வழியாக அங்கே போய்த் திரும்பும். வானொலி இல்லாமல் சோதிக்க அந்த இரு ஊசிகளையும் தற்காலிகமாக இணைக்க வேண்டும். அந்த ஜம்பர் முழு மெயின்ஸையும் சுமக்கிறது என்பதை மறந்து, அதை வெறும் கம்பியாக முறுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

வேரியாக்கை முதலில் பத்து விழுக்காட்டில் நிறுத்துங்கள். 230 வோல்ட் மெயின்ஸென்றால் 23 வோல்ட். டயோடுகளைக் கொண்ட பவர் சப்ளையில் எல்லா வெளியீடுகளும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வரவேண்டும்: 800க்கு 80, 300க்கு 30, பயாஸுக்கு மைனஸ் 13, ஃபிலமெண்டுக்கு 1.2 அல்லது 1.3 வோல்ட். இந்தப் படியை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய பிழை எதுவானாலும் இங்கேயே தெரிந்துவிடும், சேதம் ஏற்படுவதற்கான ஆற்றலோ மிகக் குறைவு. 80க்குப் பதில் 40 காட்டினால் டபுளரின் ஒரு பாதி வேலை செய்யவில்லை. பயாஸ் பிளஸ்ஸாகக் காட்டினால் டயோடு திரும்பியிருக்கிறது. தொடரில் உள்ள இரண்டு மின்தேக்கிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். 80 வோல்ட்டும் கடிக்கும் என்பதால் கிளிப் வைத்து அளக்கும் ஒழுக்கத்தை இங்கேயே தொடங்கிவிட வேண்டும்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக வால்வே உள்ள பவர் சப்ளைகளுக்கு இந்தப் பத்து விழுக்காட்டுச் சோதனை பொருந்தாது. 5ஆர்4, 5யு4 வால்வுகளைக் கொண்ட காலின்ஸ் 516எஃப்-2 அவ்வகையைச் சேர்ந்தது. 5 வோல்ட் இழைக்கு அரை வோல்ட் கொடுத்தால் அது சூடாகாது, எதுவும் கடத்தாது. அத்தகைய பெட்டியில் முதலில் வால்வுகளைக் கழற்றிவிட்டு, செகண்டரி ஏசி மின்னழுத்தங்கள் சென்டர் டேப்பின் (சுற்றின் நடு இணைப்பின்) இருபுறமும் சமமாக வருகின்றனவா என்று பார்த்து, பிறகு வால்வுகளைச் செருகி நேராக எழுபது விழுக்காட்டிலிருந்து தொடங்கலாம். வால்வுகளை நீக்கி அந்த இடத்தில் டயோடுகளைப் போட்டுவிட்டவர்கள், வெளியீடு முன்பைவிடப் பல பத்து வோல்ட் கூடுதலாக வரும் என்பதையும், கருவியின் வால்வுகள் சூடாகும் முன்பே முழு மின்னழுத்தம் வந்து நிற்கும் என்பதையும் எதிர்பார்த்து, மின்தேக்கிகளின் தாங்குதிறனைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து விழுக்காட்டில் எல்லாம் பொருந்தியபின் 25, 50, 75 என்று ஏற்றி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். எண் தானாக இறங்கிக்கொண்டே போகிறதா, பல்பின் ஒளி கூடுகிறதா, ஏதாவது சீறுகிறதா, நெடி வருகிறதா என்று கவனியுங்கள். முழு அளவை எட்டியபின் அணைத்து, 800 வோல்ட் எத்தனை விநாடியில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்த எண்ணைப் பெட்டியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னாளில் இறங்க அதிக நேரம் எடுத்தால் ஒரு பிளீடர் போய்விட்டது என்று பொருள்.

ரெக்டிஃபையரை அடுத்து முதலில் சோக் எனப்படும் கம்பிச்சுருள் வரும் சோக் இன்புட் வகை ஃபில்டர் கொண்ட பெட்டி என்றால் ஒரு கூடுதல் குறிப்பு. அதில் பிளீடர் குறைந்தபட்சச் சுமையாகவும் பணியாற்றுகிறது. பிளீடர் இல்லாவிட்டால் வெளியீடு, ஏசி மின்னழுத்தத்தின் 0.9 மடங்கு என்ற அளவிலிருந்து 1.4 மடங்கு வரை எகிறி மின்தேக்கியை உடைத்துவிடும்.

சுமை ஏற்றுதல்

சுமையில்லாமல் காட்டும் எண்கள் அழகாக இருப்பதில் வியப்பில்லை. பழுதான பவர் சப்ளையும் அப்படிக் காட்டும். சுமையில்தான் அதன் யோக்கியதை தெரியும். இப்போது தொடரில் இருந்த பல்பை எடுத்துவிட்டு, சரியான மதிப்புள்ள ஃபியூஸை நம்பி நடக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

உயர் மின்னழுத்தத்துக்கான சுமைக்கு 175 வாட் மின்தடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புகள் மூன்றைத் தொடரில் இணைத்தால், 700 வோல்ட் அளவில் அவை 0.26 ஆம்பியர் இழுக்கும். பவர் சப்ளையின் முழுச் சுமையான 250 மில்லி ஆம்பியருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. 120 வோல்ட் பல்புகள்தான் கிடைக்குமென்றால் 25 வாட் பல்புகள் ஆறு வேண்டும், அவை 0.2 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். மேலே உள்ள ஹோல்டர் சேசிஸிலிருந்து 700 வோல்ட் உயரத்தில் இருக்கும் என்பதால் பீங்கான் ஹோல்டர்களைக் காய்ந்த பலகையில் இடைவெளி விட்டுப் பொருத்தி, முனைகளை மூடி, எரியும்போது யாரும் தொட முடியாத இடத்தில் வைக்க வேண்டும். மூன்று பல்புகளும் ஒரே ஒளியில் அசையாமல் எரிந்தால், எந்த மீட்டரையும் பார்க்காமலே பாதி விடை தெரிந்துவிடும்.

300 வோல்ட் வெளியீட்டுக்கு 2.5 கிலோ ஓம், 50 வாட் வயர்வவுண்டு மின்தடை போதும். அது 120 மில்லி ஆம்பியர் அளவில் இழுத்து நன்றாகச் சூடாகும், ஆகவே மேசையின் மரத்தில் படாமல் வைக்கவும். பயாஸுக்கு 6.8 கிலோ ஓம், 5 வாட். ஃபிலமெண்டுக்கு 12 வோல்ட், 55 வாட் கார் முகப்பு விளக்கு பல்பு ஒன்று. அது ஏறத்தாழ 4.5 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணைக்காமல் முதலில் ஃபிலமெண்ட், பிறகு பயாஸ், பிறகு 300 வோல்ட், கடைசியாக உயர் மின்னழுத்தம் என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அணைத்து, மீட்டரில் பார்த்து, கோலால் வடித்து, அதன் பிறகே அடுத்த சுமையைக் கவ்வவிட வேண்டும், சலிப்பூட்டும் வேலைதான்.

முழுச் சுமையில் 800 வோல்ட் 700க்கு அருகே இறங்குவது இயல்பே. 600க்குக் கீழே போனால் மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம், அல்லது ஒரு டயோடு திறந்திருக்கலாம். ஃபிலமெண்ட் மின்னழுத்தம் சுமையில் 12.6லிருந்து பத்து விழுக்காட்டுக்குள், அதாவது 11.3க்கும் 13.9க்கும் இடையில் நிற்க வேண்டும். நடுவில் வரும்படி இருந்தால் வால்வுகளின் ஆயுள் கூடும்.

அடுத்தது சிற்றலை, அதாவது டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம். 300 வோல்ட் வெளியீட்டில் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும், முழு அலை ரெக்டிஃபையரும், 100 மில்லி ஆம்பியர் சுமையும் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் முதல் மின்தேக்கியின் மேல் உச்சத்திலிருந்து பள்ளம்வரை 10 வோல்ட் சிற்றலை இருப்பது கணக்குப்படி சரியே. சோக்கைத் தாண்டிய இரண்டாம் மின்தேக்கியில் அது மிகவும் குறைந்திருக்க வேண்டும். ஆசிலோஸ்கோப் இருந்தால் அளவோடு அதிர்வெண்ணையும் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 50 ஹெர்ட்ஸ் வந்தால், அதாவது 60 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் 120க்குப் பதில் 60 வந்தால், ஒரு டயோடு வேலை செய்யவில்லை என்று உடனே சொல்லிவிடலாம். சாதாரணப் பத்து மடங்கு புரோப்புகள் 800 வோல்ட் டிசியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உயர் மின்னழுத்தத்துக்கு அதற்கென உள்ள நூறு மடங்கு புரோப்பைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

இப்படியே ஒரு மணி நேரம் ஓடட்டும்; நீங்கள் அறையை விட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அணைத்து வடித்த பிறகு மின்மாற்றியையும் மின்தேக்கிகளையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். மின்மாற்றியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சில விநாடி பொறுக்க முடிந்தால் அது ஏற்கத்தக்க சூடு. மின்தேக்கியோ அறையின் வெப்பத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம். தனியாக ஒரு மின்தேக்கி மட்டும் சுடுகிறது என்றால் அதை நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

வானொலியை இணைக்கும் நேரம்

இணைக்கும் முன் கேபிளின் ஒவ்வொரு ஊசியையும் இரண்டு கையேடுகளோடும் ஒப்பிடுங்கள். ஒரே வடிவப் பிளக்கை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு வரிசையில் பயன்படுத்தியிருப்பதால், செருகும்போது பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இறுதிநிலை வால்வுகள், பெரும்பாலும் இரண்டு 6146, சாக்கெட்டில் இருக்கும் நிலையில் பயாஸ் வராமல் உயர் மின்னழுத்தம் மட்டும் வந்துவிட்டால், அவற்றின் பிளேட்டுகள் சில விநாடிகளிலேயே செக்கச்சிவந்துவிடும். ஆகவே முதல் இணைப்பின்போது அவ்வால்வுகளின் பிளேட் தொப்பிகளைக் கழற்றி, வேறெதையும் தொடாதபடி காப்பு நாடாவால் சுற்றி ஒதுக்குங்கள். பிளேட் இல்லாமல் ஸ்கிரீன் (வால்வின் உள்ளிருக்கும் இன்னொரு கிரிட்) மட்டும் மின்னோட்டம் எடுத்தால் அதுவும் வால்வைக் கெடுக்கும் என்பதால் டிரான்ஸ்மிட் சுவிட்சைத் தொடாமல், ரிசீவ் நிலையிலேயே வைத்து, வால்வு சாக்கெட்டின் கிரிட் ஊசிக்கும் சேசிஸுக்கும் இடையே முன்கூட்டியே கிளிப் வைத்த மீட்டரில் மைனஸ் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். பயாஸ் கட்டுப்பாட்டைத் திருப்பும்போது அந்த எண் ஏறி இறங்க வேண்டும். அது நடந்தால் அணைத்து, மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து, கோலால் வடித்து, கிளிப் கம்பியைப் போட்டு, பிளேட் தொப்பிகளை மாட்டி, கிளிப் கம்பியை எடுத்து, மேல்மூடியைத் திருகி மூடிய பின் மறுபடி சுவிட்சைப் போடலாம்.